ஒரே வீட்டில் இரண்டு பேர் டயட்: அவருக்கு எது, அவளுக்கு எது?

கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே நாளில் டயட் ஆரம்பித்த வீடுகளில் முதல் வாரக் கடைசியில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அவர் எடை மெஷினில் ஏறுவார், இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். அவள் ஏறுவாள், முள் நகர்ந்த மாதிரியே இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டு வந்தோம். முதல் வாரம் அவருக்கு 2.6 கிலோ குறைவு, எனக்கு 0.7. ஒரே சாப்பாடு, ஒரே நேரம், சொல்லப்போனால் நான்தான் அவரைவிடக் கம்மியாகச் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் எனக்கு 400 கிராம் ஏறியே விட்டது. "மெஷின்ல ஏதோ கோளாறும்மா, விடு" என்று அவர் சமாதானம் சொன்னார், நான் அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டேன். மெஷினில் கோளாறு இல்லை, என் உடம்பிலும் கோளாறு இல்லை, ராத்திரி பட்டினி கிடந்ததுதான் தப்பு. இது தெரிய எனக்கு நாலு மாதம் ஆனது. இன்னொருத்திக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டயட் முறைகளுக்குப் பெயர்தான் ஏகப்பட்டது, உள்ளே போனால் நாலைந்து வழிதான் இருக்கிறது. தினமும் இத்தனை கலோரி என்று கணக்குப் போட்டுக் குறைப்பது, மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் அல்லது அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் கீட்டோ, 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் இன்டர்மிட்டண்ட் ஃபாஸ்டிங், ஒரு நாளைக்கு 800 கலோரி என்று தடாலடியாக இறங்குவது, அப்புறம் புரதத்தைக் கூட்டி வெயிட் தூக்கிக்கொண்டே மெதுவாகக் குறைப்பது. இதில் எது பெஸ்ட் என்று பொதுவாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு உடம்பும் எங்கே வேறுபடுகிறது, எங்கே வேறுபடவில்லை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் தப்பான தகவல்தான் அதிகம் சுற்றுகிறது.

முதல் தப்பு, "பொம்பளைகளுக்கு மெட்டபாலிசமே மந்தம்", அதாவது உடம்பு சக்தியை எரிக்கும் வேகமே குறைவு என்பது. 2021-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயதுப் பெரியவர் வரை, ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். உடம்பின் அளவையும், கொழுப்பைக் கழித்து மீதி இருக்கும் தசை, எலும்பு, உறுப்புகளின் எடையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்த அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, மாதவிடாய் நிற்கும் வயதில் தனியாக ஒரு சரிவு என்று எதுவும் தெரியவில்லை. ஆக, பெண்ணின் அடுப்பு மங்கலாக எரிவதில்லை. அடுப்பு சின்னது, அவ்வளவுதான். சராசரி ஆணுக்கு உயரம் அதிகம், எடை அதிகம், அந்த எடையிலும் தசையின் பங்கு அதிகம். உயிர் வாழ்வதற்கென்றே கட்டாயம் வேண்டிய கொழுப்பு ஆணுக்கு உடல் எடையில் சுமார் 3 சதவீதம், பெண்ணுக்கு 12 சதவீதத்துக்குப் பக்கம், அது பிள்ளை பெறுவதற்காக உடம்பு வைத்திருக்கும் சேமிப்பு.

இந்த அளவு வித்தியாசம் தட்டில் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்குப் போட்டால் பளிச்சென்று தெரியும். 1990-ல் வந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரத்தை டயட்டீஷியன்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். எடையை 10-ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். 40 வயது, 80 கிலோ, 172 செ.மீ. ஆணுக்கு 1,680 கலோரி வரும். அதே 40 வயது, 65 கிலோ, 160 செ.மீ. பெண்ணுக்கு 1,289. இது சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எரிப்பது. ஓரளவு நடமாட்டத்துக்கு 1.4-ஆல் பெருக்கினால் அவருக்கு ஏறக்குறைய 2,350, அவளுக்கு 1,805. இப்போது எல்லோரும் சொல்கிற "தினமும் 500 கலோரி குறை" என்ற அறிவுரையை இரண்டு பேருக்கும் போட்டுப் பாருங்கள். அவர் 1,850 சாப்பிடுவார், அது அவர் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக் குறைவு. அவளுக்கு மிஞ்சுவது 1,305, அது 28 சதவீதம் வெட்டு. படுத்துக் கிடக்கத் தேவையான அளவுக்கு வெறும் 16 கலோரிதான் மேலே. ஒரே டயட் என்று பேர், ஆனால் ஒருத்தருக்கு அது மிதமான டயட், இன்னொருத்தருக்குக் கடும் டயட்.

முதல் வார வித்தியாசத்துக்குக் காரணம் தனி. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் காலியாவது இதுதான், கூடவே தண்ணீரும் போய்விடும். தசை அதிகம் உள்ளவருக்கு இந்தச் சேமிப்பும் அதிகம், போகிற தண்ணீரும் அதிகம். என் கணவருடைய 2.6 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்போது அது தெரிந்திருந்தால் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அடுத்தது கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஆண்களுக்கு வயிற்றுக்குள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும். பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் வரைக்கும், பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் சேரும். வயிற்றுக்குள் இருப்பது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி விடுகிற ஆபத்தான கொழுப்பு, ஆனால் கூப்பிட்டால் சீக்கிரம் வந்துவிடும். தொடைக் கொழுப்பு அப்படியில்லை. அந்தச் செல்களில் ஆல்ஃபா-2 என்ற ஏற்பிகள் (ஹார்மோன் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்கள்) அதிகம், அவை கொழுப்பை வெளியே விடாமல் பிரேக் போடும். அதனால் ஆணுக்குப் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போவது ஒரே மாதத்தில் கண்ணுக்குத் தெரியும், பெண்ணுக்கு முகமும் மேல் உடம்பும் முதலில் வற்றிவிட்டு, தொடை கடைசியில்தான் அசையும். இதில் ஒரு ஆறுதல் உண்டு. தொடைக் கொழுப்பு உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, சேருகிற கொழுப்பு வயிற்றுப் பக்கம் போக ஆரம்பிக்கும்போதுதான் பெண்ணும் ஆணைப் போலவே இடுப்புச் சுற்றளவைக் கவனிக்க வேண்டி வருகிறது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது உடம்புக்குள் இருக்கும் அபாய மணி. சாப்பாடு ரொம்பக் குறைந்தால் மூளை முதலில் கைவைப்பது இனப்பெருக்கத்தில். பெண் உடம்பில் இந்த மணி சீக்கிரம் அடிக்கிறது, அது ஆராய்ச்சியில் அளந்த விஷயம். ஆன் லௌக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம் பெண்களுக்கு 5 நாள் மட்டும் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியில் போனது போக மிச்சம் இருக்கும் கலோரி, கொழுப்பில்லாத உடல் எடையில் கிலோவுக்கு 30-க்குக் கீழே போனதும், கருமுட்டை வெளிவரச் செய்யும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு குலைந்தது. மேலே சொன்ன 65 கிலோ பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் உடம்பில் கொழுப்பு 35 சதவீதம் என்றால் மீதி 42 கிலோ. 1,305 கலோரி சாப்பிட்டு, ஆர்வத்தில் தினமும் 300 கலோரிக்கு உடற்பயிற்சியும் செய்தால் மிச்சம் 1,005, கிலோவுக்கு 24. ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் சாதாரண உடல்வாகு உள்ள பெண்கள், உடம்பில் சேமிப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் டயட் ஆரம்பித்த இரண்டாவது மூன்றாவது மாதத்தில் பீரியட்ஸ் தள்ளிப்போனால், முடி கொத்துக் கொத்தாக வந்தால், எப்போதும் குளிர்கிற மாதிரி இருந்தால், மன உறுதி போதவில்லை என்று தன்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது.

ஆண்களுக்கு இந்த மணியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1944–45-ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்து நடத்திய பட்டினிப் பரிசோதனையில், ஆறு மாதம் சுமார் 1,570 கலோரியில் இருந்து உடல் எடையில் கால்வாசி இழந்த அந்த இளைஞர்களுக்குப் பாலுணர்வு வற்றிப்போனது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சோர்வு, எரிச்சல். மணி அவர்களுக்கும் அடிக்கும், கொஞ்சம் தாமதமாக.

சரி, இப்போது முறைகளுக்கு வருவோம்.

கலோரி கணக்கு எங்கும் எல்லோருக்கும் வேலை செய்யும், ஆனால் 500 என்ற ஒரே எண்ணை இருவருக்கும் போடக் கூடாது. சதவீதமாகப் போடுங்கள். ஆணுக்கு 20 சதவீதம், பெண்ணுக்கு 15 முதல் 20 வரை. நம் உதாரணத்தில் அவருக்கு 470 குறையும், அவளுக்கு 270-லிருந்து 360 வரை. மெதுவாகத்தான் போகும், தெரிந்தேதான் சொல்கிறேன். மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறைந்தாலும் வருடத்தில் அது பெரிய எடை, பாதியில் விட்ட டயட்டைவிட அதிகம்.

லோ கார்ப் பற்றி ஆண்கள் ரொம்ப உற்சாகமாகப் பேசுவார்கள், தண்ணீர் இறங்கும் வேகத்தால் அவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அப்படியொரு பலன் தெரியும். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஒரு வருடம் பார்த்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6.0 கிலோ இறங்கியது, அதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதனால் பிடித்தால் செய்யலாம், பிடிக்காவிட்டால் எதையும் இழக்கவில்லை. வயிறு பெருத்து, ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற ஆணுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன். பி.சி.ஓ.எஸ். (மாதவிடாயைத் தாறுமாறாக்கும் சினைப்பை, ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களுக்கும் மாவுச்சத்தை மிதமாகக் குறைப்பது உதவலாம், அவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் பிரச்சினையின் ஒரு பகுதி. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிடாய் சீராகிறது. ஆனால் மற்றப் பெண்களுக்கு, அதுவும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, கறாரான கீட்டோ வேண்டாம் என்பது என் கருத்து. மாவுச்சத்தை அறவே நிறுத்தும்போது தெரியாமலே மொத்தக் கலோரியும் மேலே சொன்ன கிலோவுக்கு 30 என்ற எல்லைக்குக் கீழே போய்விடலாம். முக்கியமாக இன்னொன்று, ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், ஆணோ பெண்ணோ.

இன்டர்மிட்டண்ட் ஃபாஸ்டிங் விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் இது மாயம் என்கிறார்கள். 2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில் உடல் பருமன் உள்ள 139 பேர் ஒரு வருடம் கலோரியைக் குறைத்தார்கள், பாதிப்பேர் 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டார்கள், மீதிப்பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முடிவில் 8.0 கிலோவும் 6.3 கிலோவும் குறைந்தது, புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை. (அந்த ஆய்விலேயே ஆண்களுக்கு 1,500 முதல் 1,800 கலோரி, பெண்களுக்கு 1,200 முதல் 1,500 என்று தனித்தனியாகத்தான் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.) இன்னொரு பக்கம், பெண்கள் ஃபாஸ்டிங் செய்தாலே ஹார்மோன் நாசமாகும் என்று பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயத்தில் பெரும்பகுதி எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது, எலியின் ஒரு நாள் பட்டினி மனுஷியின் ஒரு நாள் பட்டினி ஆகாது. என் அனுபவத்தில் சிக்கல் கடிகாரத்தில் இல்லை, அளவில் இருந்தது. 8 மணி நேரத்துக்குள் சாப்பிடும்போது எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடுதான் உள்ளே போனது, புரதம் பாதிகூட வரவில்லை. அவருக்கு அதே இரண்டு வேளையில் 1,900 கலோரி சுலபமாகப் போனது. அதனால் ராத்திரி நொறுக்குத்தீனி பழக்கம் உள்ள ஆணுக்கு 16:8 வசதியான வழி. பெண்ணுக்கு 12 அல்லது 13 மணி நேர இடைவெளி, அதாவது ராத்திரி எட்டு மணிக்கு முடித்துவிட்டுக் காலையில் எட்டரைக்குச் சாப்பிடுவது போதும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பசி நிஜமாகவே கூடும், அந்த வாரம் நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கிறவர்கள், பாலூட்டுகிறவர்கள், சாப்பாட்டுக் கோளாறு எப்போதாவது இருந்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

800 கலோரி டயட்டை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. மேற்பார்வையோடு செய்தாலும் பலன் ஒன்றாக இருப்பதில்லை. 2018-ல் வெளிவந்த பிரிவ்யூ என்ற ஆய்வில் சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் 8 வாரம் இப்படி இருந்தார்கள். ஆண்களுக்கு உடல் எடையில் 11.8 சதவீதம் குறைந்தது, பெண்களுக்கு 10.3. எடை வித்தியாசம் அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்களுக்குக் கொழுப்பு அதிகம் போனது, பெண்களுக்குத் தசையும் நல்ல கொலஸ்ட்ராலும் கூடுதலாகக் குறைந்தன. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வருகிற ஆபத்தும் உண்டு, அது இயல்பாகவே பெண்களுக்குத்தான் அதிகம்.

கடைசி வழியைத்தான் நான் இரண்டு பேருக்கும் சொல்வேன், அவளுக்குக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். மிதமான குறைப்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை புரதம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு), வாரம் இரண்டு மூன்று நாள் வெயிட். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்பதால் பெண்களுக்குத் தசை ஆண் மாதிரி புடைத்துவிடாது, ஆனால் ஆரம்பித்த இடத்திலிருந்து பார்த்தால் வலிமை ஏறும் விகிதத்தில் பெண்கள் பின்தங்குவதில்லை. எரிகிற அடுப்பே சின்னதாக இருக்கிறவளுக்குத் தசையை இழப்பது அவரைவிடப் பெரிய நஷ்டம். ஐம்பதைத் தொடும் பெண்களுக்கு எலும்புக்காகவும் இது வேண்டும். கூடவே இரும்புச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பரிந்துரையில் 19 முதல் 50 வயது வரை ஆணுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம், பெண்ணுக்கு 18. சாப்பாட்டின் அளவு குறைகிறபோது இந்த 18 எட்டுவது கஷ்டம், எனவே டயட் தொடங்குமுன் ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அளக்கும் முறையும் மாற வேண்டும், என்னைக் காப்பாற்றியது அதுதான். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதால் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறும். நான் அழுதுகொண்டு படுத்த அந்த மூன்றாவது வாரம் அப்படிப்பட்ட வாரம். பெண்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்துச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். நோட்டைத் திரும்பப் புரட்டி அப்படிப் பார்த்தபோது, சுழற்சியின் ஏழாம் நாளிலிருந்து அடுத்த மாதத்து ஏழாம் நாளுக்கு எனக்கு 1.9 கிலோ குறைந்திருந்தது. பட்டினி கிடந்த ராத்திரிக்கு இரண்டு பக்கம் தள்ளி அந்த எண் இருந்தது. "இதைப் பாருங்க" என்று அவரிடம் காட்டினேன், அவர் பேனாவை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

இப்போது என் பத்தியில் எடைக்குப் பக்கத்தில் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதையும், இடுப்பு, தொடை அளவையும் எழுதுகிறேன். அவர் எடையும் வயிற்றுச் சுற்றளவும் மட்டும் எழுதுகிறார், உயரத்தில் பாதிக்குக் கீழே கொண்டுவருவது அவர் இலக்கு, இன்னும் 5 செ.மீ. பாக்கி. அவர் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு ராத்திரி நொறுக்குத்தீனியை நிறுத்தியிருக்கிறார், நான் மூன்று வேளையும் சாப்பிட்டு வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்குகிறேன். வாரா வாரம் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.